முற்கால அமெரிக்க இலக்கியத்தைப் படிப்பது எப்படி? எழுதிய ஆண்டும் அச்சேறிய ஆண்டும்

அமெரிக்க இலக்கியம் என்னும் தாளை முதன்முறையாகக் கையில் எடுக்கும் மாணவர், கதையும் கவிதையும் இருக்கும் என்று எண்ணித்தான் பாடத்திட்டத்தைப் புரட்டுகிறார். முதல் அலகில் அவருக்குக் கிடைப்பவை ஓர் ஆளுநர் எழுதிய குடியேற்ற வரலாறு, ஒரு போதகரின் பிரசங்கம், கைதியாகப் பிடிபட்ட ஒரு பெண்மணியின் அனுபவக் குறிப்பு, அச்சுக்கூடம் நடத்தியவர் வெளியிட்ட பஞ்சாங்கம், ஓர் அரசியல் பிரகடனம் ஆகியவை. அமெரிக்காவின் முதல் நாவல் என்று பொதுவாகச் சொல்லப்படுவதே 1789-இல்தான் வெளிவந்தது. இவற்றோடு உவமை, உருவகம், தொனி, முரண்நகை என்று ஒரு கலைச்சொற் பட்டியலும் தனியாகத் தரப்பட்டிருக்கும். பிரசங்கத்தை ஏன் இலக்கியமாகப் படிக்க வேண்டும், அந்தப் பட்டியலுக்கும் இந்தப் பிரசங்கத்துக்கும் என்ன தொடர்பு என்பது பெரும்பாலும் விளக்கப்படாமலே தேர்வு வந்துவிடுகிறது.

இந்தக் குழப்பம் வகுப்பறைக்கு வெளியிலும் உண்டு. 2026 ஜூலை 4-ஆம் தேதி அமெரிக்க விடுதலைப் பிரகடனத்துக்கு 250 ஆண்டுகள் நிறைவதையொட்டி, ‘மலைமேல் நகரம்’, ‘விடுதலை கொடு, அன்றேல் சாவு கொடு’ போன்ற தொடர்கள் மேற்கோளாக அடிபடுகின்றன. அவை எந்தப் பனுவலிலிருந்து வந்தன, அங்கே என்ன பொருளில் நின்றன என்பதை அறிய, ஒவ்வொரு பனுவலிடமும் இரண்டு கேள்விகளைக் கேட்பது உதவும்.

1. இது எந்த வேலையைச் செய்வதற்காக எழுதப்பட்டது? மனந்திரும்ப வைக்கவா, கணக்குக் கேட்கவா, போருக்கு ஆள் சேர்க்கவா? இலக்கியக் கலைச்சொற்கள் எல்லாம் இந்தக் கேள்விக்கு விடை காணும் கருவிகளே.

2. இது எப்போது அச்சேறியது? எழுதிய ஆண்டை மட்டும் மனப்பாடம் செய்கிறவர் இந்த இரண்டாவது ஆண்டைக் கவனிப்பதில்லை. முற்கால அமெரிக்க இலக்கியம் பற்றிய தவறான முடிவுகளில் பாதி இங்கேதான் பிறக்கின்றன.

‘முற்காலம்’ என்பது எது

ஜேம்ஸ்டவுனில் 1607-இல் ஆங்கிலேயர் குடியேறியது தொடங்கி ஏறக்குறைய 1820 வரையிலான காலத்தையே பாடநூல்கள் இப்படிக் குறிக்கின்றன. ஆனால் ஆங்கிலம் அங்கே முதலில் வந்த மொழி அன்று. ஸ்பானியரான காபேசா தே வாகா, கப்பல் உடைந்து பழங்குடிகளிடையே பல ஆண்டுகள் அலைந்த அனுபவத்தை 1542-இலேயே நூலாக வெளியிட்டுவிட்டார். அவருக்கும் முந்தியது பழங்குடி மக்களின் வாய்மொழி இலக்கியம். வானுலகிலிருந்து விழும் ஒரு பெண்ணை ஆமை தன் முதுகில் தாங்க, அந்த முதுகின்மேல் நீருக்கடியிலிருந்து எடுத்து வைத்த மண்ணே வளர்ந்து உலகமாயிற்று என்பது இரோகுவா மக்களின் படைப்புக் கதை. ஒரு சமூகம் தன் தோற்றத்தையும் உலக ஒழுங்கையும் விளக்கிக்கொள்ளச் சொல்லிவரும் இத்தகைய கதைக்குத் தொன்மம் என்று பெயர்.

அடுத்த அடுக்கு பியூரிட்டன்கள். இங்கிலாந்துத் திருச்சபையில் கத்தோலிக்கச் சடங்குகளின் மிச்சம் இருப்பதாகக் கருதி அதைத் தூய்மைப்படுத்த விரும்பியவர்கள் இவர்கள். இவர்களுக்குள்ளும் இரு பிரிவு உண்டு. 1620-இல் மேஃபிளவர் கப்பலில் பிளிமத் வந்தவர்கள் அந்தத் திருச்சபையை விட்டே விலகியவர்கள். 1630-இல் மாசசூசெட்ஸ் விரிகுடாவுக்கு வந்தவர்கள் விலகாமல் உள்ளிருந்தே சீர்திருத்த எண்ணியவர்கள். மூன்றாவது அடுக்கு 18-ஆம் நூற்றாண்டு: பகுத்தறிவு, துண்டறிக்கை, புரட்சி. இந்த அடுக்குகள் ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கியவை அல்ல. அச்சுக்கூடம் நடத்திய பெஞ்சமின் பிராங்க்ளின் பஞ்சாங்கம் விற்றுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் போதகர் ஜோனதன் எட்வர்ட்ஸ் நரகத்தைப் பற்றிப் பிரசங்கித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு ஆண்டுகளுக்கு இடையிலான தூரம்

பாடத்திட்டங்களில் நிலையாக இடம்பெறும் சில பனுவல்களை இவ்வகையில் பார்க்கலாம்.

1. மாசசூசெட்ஸ் விரிகுடாக் குடியேற்றத்தின் ஆளுநர் ஜான் வின்த்ரோப்பின் ‘கிறிஸ்தவ அன்பின் முன்மாதிரி’ என்ற உரை 1630-ஐச் சேர்ந்தது; அச்சேறியது 1838.

2. பிளிமத் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்ட் தம் வரலாற்றை 1630-இல் எழுதத் தொடங்கி 1650 வாக்கில் நிறுத்தினார். கைப்பிரதி பின்னர் காணாமற்போய், 1855-இல் லண்டன் பேராயரின் நூலகத்தில் இருப்பது தெரியவந்தது. அடுத்த ஆண்டு அச்சாயிற்று. கைப்பிரதி மாசசூசெட்ஸுக்குத் திரும்பியதோ 1897-இல்.

3. ஆன் பிராட்ஸ்ட்ரீட் தம் வீடு எரிந்ததைப் பற்றி எழுதிய கவிதை 1666-ஐச் சேர்ந்தது; அச்சேறியது 1867.

4. 1729-இல் இறந்த எட்வர்ட் டெய்லரின் கவிதைகள் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் 1937-இல் கண்டெடுக்கப்பட்டு, 1939-இல் நூலாயின.

5. மொஹீகன் இனத்தைச் சேர்ந்த போதகர் சாம்சன் ஆக்கம் 1768-இல் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பு, 1982 வரை கைப்பிரதியாகவே கிடந்தது.

6. பேட்ரிக் ஹென்றி ‘விடுதலை அல்லது சாவு’ என்று முழங்கியது 1775 மார்ச் 23-ஆம் தேதி. நாம் இன்று படிக்கும் வாசகம், கேட்டவர்களின் நினைவுகளைக் கொண்டு வில்லியம் வர்ட் 1817-இல் தொகுத்து வெளியிட்டது.

இதிலிருந்து வரும் முடிவு எளியது. ஆனால் விளைவு பெரியது. டெய்லரைப் பின்பற்றி 18-ஆம் நூற்றாண்டில் எவரும் கவிதை எழுதியிருக்க முடியாது. வின்த்ரோப்பின் உரையால் புரட்சிக்காரர்கள் ஊக்கம் பெற்றிருக்க முடியாது. இவை ‘அமெரிக்க இலக்கியத்தின் அடித்தளம்’ என்று சொல்லப்படுவது, 19, 20-ஆம் நூற்றாண்டுகளில் தொகுப்பாளர்கள் பின்னோக்கிக் கட்டிய வரிசை. அந்தக் காலத்து மக்கள் உண்மையில் வாசித்தவை வேறு: 1640-இல் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் அச்சான சங்கீதப் புத்தகம், இறுதித் தீர்ப்பு நாளைப் பற்றி மைக்கேல் விகிள்ஸ்வொர்த் 1662-இல் வெளியிட்ட நெடும்பாடல், மேரி ரோலண்ட்சன் பழங்குடிகளிடம் சிறைப்பட்டதைப் பற்றி 1682-இல் வெளியிட்ட கதை, ஆண்டுதோறும் ஏறக்குறைய 10,000 படிகள் விற்றதாகப் பிராங்க்ளினே குறிப்பிடும் ‘ஏழை ரிச்சர்ட்’ பஞ்சாங்கம்.

டெய்லரின் கைப்பிரதி இருந்த யேலுக்குப் பெயர் தந்தவர், 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேல் என்பதைத் தமிழ் வாசகர் அறிந்திருக்கக்கூடும். அந்தக் கல்லூரிக்கு உதவும்படி 1718-இல் அவருக்குக் கடிதம் எழுதியவர்களில் ஒருவர் பாஸ்டன் போதகர் காட்டன் மாதர். தரங்கம்பாடியில் இருந்த சீகன்பால்குவுக்கும் மாதர் எழுதினார். அது சேர்வதற்குள் சீகன்பால்கு இறந்துவிட்டதால் உடன் ஊழியர் கிரண்ட்லர் பதில் எழுத, இந்தக் கடிதங்களை மாதர் 1721-இல் ‘இந்தியா கிறிஸ்டியானா’ என்ற சிறுநூலில் சேர்த்து வெளியிட்டார். பியூரிட்டன்கள் உலகத் தொடர்பற்றுக் காட்டோரம் ஒதுங்கி வாழ்ந்தவர்கள் என்ற படத்துக்கு இது பொருந்திவராது.

மறைகுறிப்பும் முன்னடையாளமும்

ஒரு நூல், வேறொரு நூலையோ நிகழ்வையோ பெயர் சொல்லி விளக்காமல், வாசகருக்கு அது தெரியும் என்ற நம்பிக்கையில் தொட்டுச் செல்வது மறைகுறிப்பு. பியூரிட்டன் எழுத்தில் இது ஏறத்தாழ எப்போதும் விவிலியத்தையே நோக்கும். வின்த்ரோப் தம் குடியேற்றத்தார் மலைமேல் நகரமாக இருப்பார்கள் என்றபோது, ‘மலையின்மேல் இருக்கிற பட்டணம் மறைந்திருக்கமாட்டாது’ என்ற மத்தேயு நற்செய்தி வசனம் கேட்பவர் மனத்தில் உடனே எழுந்திருக்கும்.

அந்த வசனத்தின் அழுத்தம் உயரத்தின்மேல் இல்லை. மறைய முடியாமையின்மேல் இருக்கிறது. வின்த்ரோப்பின் அடுத்த வாக்கியங்களும் அப்படித்தான் போகின்றன: எல்லா மக்களின் கண்களும் நம்மேல் இருக்கின்றன, நாம் கடவுளோடு செய்த உடன்படிக்கையில் பொய்த்தால் உலகம் முழுவதும் பழிச்சொல்லாவோம். ஆகவே இவ்விடத்தின் தொனி எச்சரிக்கை. தொனி என்பது, எழுதுபவர் தம் பொருளிடமும் கேட்பவரிடமும் கொண்டுள்ள மனநிலை சொற்களில் வெளிப்படும் விதம். 1961 ஜனவரியில் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தில் பேசிய கென்னடி இந்த எச்சரிக்கையைப் பெருமளவு காப்பாற்றினார். 1989 ஜனவரியில் விடைபெறும் உரையில் ரேகன் ‘ஒளிரும்’ என்ற அடையைச் சேர்த்துச் சொன்னபோது, அச்சம் போய்ப் பெருமிதம் வந்துவிட்டது. ஒரே ஓர் அடைமொழி தொனியை எந்த அளவுக்குத் திருப்பும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டைப் பாடநூல்களில் தேடுவது கடினம்.

மறைகுறிப்போடு சேர்த்து அறிய வேண்டிய சொல் முன்னடையாளம். தமிழ்க் கிறிஸ்தவ மரபில் பழகிய சொல்தான் இது. பழைய ஏற்பாட்டு நிகழ்வு ஒன்று பின்னால் வரப்போவதன் நிழலாக அமைந்தது என்று வாசிக்கும் முறை. பியூரிட்டன்கள் இதைத் தங்கள் சொந்த வரலாற்றுக்கும் நீட்டினார்கள். இங்கிலாந்து எகிப்தாயிற்று, அட்லாண்டிக் செங்கடலாயிற்று, தாங்கள் இஸ்ரவேலர் ஆனார்கள். பிளிமத்தில் இறங்கியவர்களைப் பற்றிப் பிராட்ஃபோர்ட் எழுதும்போது, வாக்களிக்கப்பட்ட நாட்டைத் தொலைவிலிருந்து காண மோசேக்குக் கிடைத்த பிஸ்கா மலையுச்சிகூட அவர்களுக்கு இல்லை, கொடிய விலங்குகளும் காட்டு மனிதர்களும் நிறைந்த பாழ்வெளியே எதிரில் இருந்தது என்கிறார்.

இந்த வாசிப்புமுறையின் விளைவு பக்கத்துக்கு வெளியிலும் தொடர்ந்தது. வாக்களிக்கப்பட்ட நாடு என்றால் அதில் ஏற்கெனவே இருப்பவர்கள், இஸ்ரவேலருக்கு இடம்விட்டு அகற்றப்பட வேண்டிய கானானியர் ஆகிவிடுகிறார்கள். உண்மையில் பிளிமத் எழுந்த இடம் பாழ்வெளி அன்று. சில ஆண்டுகளுக்கு முன் கொள்ளைநோயால் அழிந்த பட்டுக்ஸெட் என்னும் வாம்பனோக் பழங்குடியினரின் ஊர். அந்த ஊரைச் சேர்ந்த டிஸ்குவாண்டம், 1614-இல் ஆங்கிலேயரால் கடத்தப்பட்டதால் ஆங்கிலம் கற்றிருந்தார். குடியேறியவர்களுக்குச் சோளம் நடக் கற்றுக்கொடுத்ததும் அவரே. இதைப் பிராட்ஃபோர்ட் தம் நூலிலேயே பதிவுசெய்கிறார். பாழ்வெளி என்ற படிமமும் டிஸ்குவாண்டத்தின் கதையும் ஒரே நூலில் சில பக்க இடைவெளியில் இருக்கின்றன.

எளிய நடையும் நீள் உருவகமும்

எல்லாவற்றிலும் எளிய உண்மையையே கருதி எளிய நடையில் எழுதப்போவதாகப் பிராட்ஃபோர்ட் தொடக்கத்திலேயே அறிவிக்கிறார். எளிய நடை என்பது அணியே இல்லாத நடை என்று பொருள்படாது. கேட்பவருக்குத் தெரிந்த வீடு, வயல், கடல், விவிலியம் ஆகியவற்றிலிருந்து மட்டும் அணியை எடுப்பது. இதன் எல்லையை எட்வர்ட் டெய்லரிடம் பார்க்கலாம்.

அவருடைய ‘ஹஸ்விஃபரி’ என்ற கவிதை, தம்மை ஓர் இராட்டையாக ஆக்கும்படி இறைவனிடம் வேண்டுகிறது. உவமை இரண்டு பொருள்களை ‘போல’ என்று ஒப்பிடும். உருவகம் ஒன்றையே மற்றொன்றாகச் சொல்லும். அந்த உருவகத்தை உறுப்பு உறுப்பாக விரித்து, எதிர்பாராத இரு பொருள்களைக் கடைசிவரை பொருத்திக்கொண்டே போனால் அது நீள் உருவகம், ஆங்கிலத் திறனாய்வில் கான்சீட். டெய்லரில் இறைவாக்கு பஞ்சு சுற்றிவைக்கும் கழி. ஆன்மா நூல் சுற்றும் கண்டு. இரண்டாம் பத்தியில் இராட்டை தறியாகிறது; நெய்த துணி அடித்துக் கெட்டியாக்கப்பட்டு, விண்ணகச் சாயத்தில் தோய்கிறது. மூன்றாம் பத்தியில் அந்தத் துணி ஆடையாகி, அறிவு, விருப்பம், உணர்ச்சி, சொல், செயல் எல்லாவற்றையும் போர்த்துகிறது. முதலில் கருவியாக இருந்தவர் முடிவில் ஆடை அணிந்தவராக நிற்கிறார். மனிதன் தானாக எதையும் ஈட்டுவதில்லை, எல்லாம் அருளே என்ற கால்வினியக் கொள்கையை இந்தப் பொருள்மாற்றம் விளக்கிவிடுகிறது. ‘இக்கவிதையில் இராட்டை உருவகம் பயன்படுத்தப்பட்டுள்ளது’ என்று எழுதி நிறுத்தும் விடை, கவிதையின் வாசலோடு திரும்பிவிடுகிறது.

இதே கருவி பிரசங்க மேடையில் வேறு வேலை செய்யும். 1741 ஜூலை 8-ஆம் தேதி என்ஃபீல்டில் ஜோனதன் எட்வர்ட்ஸ் ஆற்றிய பிரசங்கத்தின் அமைப்பு அக்கால மரபுப்படியே மூன்று பகுதி: வசனம், அதிலிருந்து எடுத்த கோட்பாடு, கேட்பவர் வாழ்வுக்கு அதன் பொருத்தம். வசனம், ‘ஏற்றகாலத்தில் அவர்களுடைய கால் தள்ளாடும்’ என்ற உபாகமத் தொடர். கோட்பாட்டுப் பகுதியில் பாவிகள் ‘அவர்கள்’. பொருத்தப் பகுதியில் அவர்களே ‘நீங்கள்’. மெலிந்த நூலில் நெருப்பின்மேல் தொங்கும் சிலந்தி, தேக்கிவைத்த வெள்ளம், வளைத்து நாணேற்றிய வில் என்று அடுத்தடுத்து வரும் படிமங்கள் எல்லாம், புலனால் உணரத்தக்க ஒரு பொருளைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஆபத்தை உடலில் உறைக்கச் செய்பவை. மூன்றிலும் பொது ஒன்று உண்டு: விபத்து இன்னும் நடக்கவில்லை, நடக்கவிடாமல் ஒரு கை பிடித்திருக்கிறது. அச்சமும் நன்றியும் ஒரே படிமத்தில் வருவது இதனால்தான். பிரசங்கம் முடியுமுன்பே கூட்டத்தினர் அலறியதை, உடனிருந்த போதகர் ஸ்டீபன் வில்லியம்ஸ் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். சிலந்தி, எட்வர்ட்ஸ் தற்செயலாகத் தேர்ந்த உயிரி அன்று. இளமையில் சிலந்திகள் காற்றில் மிதப்பதைக் கூர்ந்து கவனித்து, அறிவியல் குறிப்பே எழுதியவர் அவர்.

பேசும் குரல்: ஆன் பிராட்ஸ்ட்ரீட்

கவிதையில் ‘நான்’ என்று வரும் குரலைக் கவிஞரோடு அப்படியே ஒன்றாக்கிவிடக் கூடாது என்பதற்காகத் திறனாய்வில் ‘பேசும் குரல்’ என்று தனியே குறிக்கிறோம். பிராட்ஸ்ட்ரீட்டின் கவிதைகளை உறவினர் ஒருவர் லண்டனுக்குக் கொண்டுபோய், 1650-இல் ‘பத்தாவது கலைமகள்’ என்ற பொருள்படும் தலைப்பில் அச்சிட்டார். இதைக் குறித்து அவர் எழுதிய ‘ஆசிரியை தன் நூலுக்கு’ என்ற கவிதை, அந்நூலை அங்கஹீனக் குழந்தையாக விளிக்கிறது. முகத்தைக் கழுவினால் குறைகள் கூடுகின்றன. கறையைத் தேய்த்தால் வடு விழுகிறது. அடிகள் ஒத்துவர மூட்டுகளை இழுத்துவிட்டாலும் பிள்ளை நொண்டிக்கொண்டே ஓடுகிறது. ஆங்கிலத்திலும் பாதத்துக்கும் யாப்பு உறுப்புக்கும் ஒரே சொல் என்பதால், இங்கே தாயின் வேலையும் புலவரின் வேலையும் ஒன்றாகிவிடுகின்றன. தந்தை யாரென்று கேட்டால் இல்லை என்று சொல் என்கிற முடிவும் நகைப்புக்காக மட்டும் வந்ததாகத் தெரியவில்லை. ஒரு பெண் தானே எழுதியிருக்க முடியுமா என்று ஐயுற்ற காலத்தில், இந்த நூலுக்கு வேறெவரும் பங்காளி இல்லை என்று தன்னடக்கத்தின் வாயால் உரிமை கோரும் வரி அது. சொல்வதும் உணர்த்துவதும் எதிரெதிராக நிற்கும் இந்த நிலையே முரண்நகை.

வீடு எரிந்த கவிதையில் தொனி நடுவில் திரும்புகிறது. முதலில் இழப்பு, உடனே யோபுவின் ‘கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்’ என்ற வசனத்தின் மறைகுறிப்பு. கொள்கைப்படி கவிதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் பேசும் குரல் மறுபடி சாம்பலுக்குள் போய், இங்கேதான் அந்தப் பெட்டி இருந்தது, அங்கே அந்தப் பேழை இருந்தது, இனி உன் கூரையின்கீழ் எந்த விருந்தினரும் அமரமாட்டார் என்று எண்ணிக்கொண்டே நடக்கிறது. பிறகுதான் விண்ணில் கட்டிய வீட்டைப் பற்றிய ஆறுதல். பியூரிட்டன்கள் உணர்ச்சியற்றவர்கள் என்ற வழக்கமான வாய்பாட்டுக்கு இந்த ஒரு பத்தி போதுமான மறுப்பு.

யாப்பும் உரிமையும்: பில்லிஸ் வீட்லி

ஆங்கில யாப்பு, அசையின் நீளத்தை அல்ல, அழுத்தத்தை அடிப்படையாகக் கொண்டது. தமிழின் நேர், நிரைக் கணக்கு அங்கே செல்லாது. அழுத்தமற்ற அசையும் அழுத்தமுள்ள அசையும் சேர்ந்தது ஒரு சீர். அத்தகைய ஐந்து சீர் கொண்ட இரண்டு அடிகள் இயைபுத்தொடையால் முடிவது ஹீராயிக் கப்லெட் எனப்படும் ஈரடி. 18-ஆம் நூற்றாண்டில் கற்றோர் கவிதையின் அடையாளம் அதுவே.

பில்லிஸ் வீட்லி மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து 1761-இல் ஏழெட்டு வயதில் பாஸ்டனுக்கு அடிமையாகக் கொண்டுவரப்பட்டார். பில்லிஸ் என்பது அவரை ஏற்றிவந்த கப்பலின் பெயர். வீட்லி, வாங்கிய குடும்பத்தின் பெயர். அவருடைய கவிதைத் தொகுதி 1773-இல் லண்டனில் வெளிவந்தபோது, இவற்றை எழுதியது அவரே என்று சான்றளித்து ஆளுநர் ஹட்சின்சன் உட்பட பாஸ்டன் பிரமுகர்கள் 18 பேர் கையெழுத்திட்ட அறிக்கை முன்னால் சேர்க்கப்பட்டது. கற்றோர் யாப்பில் பிசகாமல் எழுதுவது அவருக்கு அழகியல் விருப்பம் மட்டும் அன்று, சாட்சியமும்கூட.

எட்டே அடிகளில் அமைந்த ‘ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டது பற்றி’ என்ற கவிதை, தன்னை இங்கே கொண்டுவந்தது இரக்கமே என்று தொடங்குவதால், பலர் அதை அடிமைத்தனத்துக்கு நன்றி கூறும் கவிதையாக வாசித்துவிடுகிறார்கள். ஐந்தாம் அடியில் நம் இனத்தைச் சிலர் இகழ்ச்சியோடு பார்க்கிறார்கள் என்று தளம் மாறுகிறது. ஏழாம் அடி ஏவல் வினையில் தொடங்குகிறது: ‘நினைவில் வையுங்கள்’. யாரை நோக்கி? ‘கிறிஸ்தவர்கள்’ என்ற சொல்லின் இருபுறமும் காற்புள்ளி நிற்பதால் அதை விளியாகவும் கொள்ளலாம். விவிலியத்தில் தம்பியைக் கொன்ற காயீனைப் போலக் கறுத்தவர்களோடு சேர்த்துக் கிறிஸ்தவர்களும் தூய்மைப்படுத்தப்பட வேண்டியவர்களே என்று பட்டியலாகவும் கொள்ளலாம். பதின்வயது அடிமைப் பெண் ஒருத்தி தன் எசமானர் சமூகத்துக்கு வேதத்தை நினைவூட்டிக் கட்டளையிடுவதை, குறை காண முடியாத யாப்புக்குள் வைத்துச் செய்திருக்கிறார். விடுதலைப் பிரகடனத்தை வரைந்த ஜெஃபர்சன், தம் வர்ஜீனியா பற்றிய நூலில், வீட்லியின் கவிதைகள் விமர்சனத்துக்கே தகுதியற்றவை என்று தள்ளினார். அந்தத் தீர்ப்பு இலக்கியத் தீர்ப்பாகத் தோன்றவில்லை.

வாதத்தின் கருவிகள்

கேட்பவரை இணங்கவைக்கும் வழிகளை அரிஸ்டாட்டில் மூன்றாகப் பிரித்தார்: தர்க்கம், பேசுபவர்மீதான நம்பகம், உணர்ச்சி. புரட்சிக்காலப் பனுவல்களுக்கு இந்தப் பகுப்பு நன்றாகப் பொருந்தும்.

1. உணர்ச்சி வழி: பேட்ரிக் ஹென்றியின் உரை, விடையை உள்ளடக்கிய வினாக்களை அடுக்கி, கேட்பவரே ‘இல்லை’ என்று சொல்லும்படி செய்கிறது. ஆனால் முன்சொன்ன இரண்டாம் ஆண்டை மறக்கக் கூடாது. வாக்கிய அமைப்பை நுணுகி ஆராயும்போது நாம் ஆராய்வது ஹென்றியின் சொல்லா, வர்டின் சொல்லா என்ற ஐயம் விடையில் ஒரு வரியாவது இடம்பெற வேண்டும்.

2. நம்பகத்தின் வழி: சாம்சன் ஆக்கம் தன் குறிப்பில் அணி எதையும் தேடவில்லை, கணக்கு காட்டுகிறார். 12 ஆண்டு உழைப்புக்குத் தனக்குத் தரப்பட்டது 180 பவுண்டு. வேறொரு பணித்தளத்தில் வெள்ளையரான இளம் ஊழியருக்கும் அவருடைய மொழிபெயர்ப்பாளர் முதலியோருக்கும் ஒரே ஆண்டில் செலவிட்டதும் அதே 180 பவுண்டு. தான் ஏழை இந்தியனாக இருப்பதே இதற்குக் காரணம் என்று முடிக்கிறார். பிரிட்டனில் அவர் பிரசங்கித்துத் திரட்டிய ஏறக்குறைய 12,000 பவுண்டு, பழங்குடிச் சிறுவர் பள்ளிக்கு என்று சொல்லப்பட்டு, முடிவில் டார்ட்மத் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்ததையும் சேர்த்துப் படிக்கையில் அந்த வறண்ட கணக்கு நடையின் வலிமை தெரியும்.

3. தர்க்க வழி: விடுதலைப் பிரகடனம் முக்கூற்று முடிவாகக் கட்டப்பட்டது. அரசுகளின் அதிகாரம் மக்களின் இசைவிலிருந்து வருகிறது, அதை அழிக்கும் அரசை மாற்ற மக்களுக்கு உரிமை உண்டு என்பது பொது விதி. மன்னர் அவ்வாறு அழித்தார் என்பது நிகழ்வு. ஆகையால் காலனிகள் விடுதலை பெற்றவை என்பது முடிவு.

இதில் நடுப்பகுதியே மிக நீளம். மேற்கோள் காட்டுபவர்கள் அதை ஒருபோதும் எட்டுவதில்லை. ‘அவர் மறுத்தார்’, ‘அவர் தடுத்தார்’, ‘அவர் கலைத்தார்’ என்று ஒரே தொடக்கச் சொல்லோடு பத்தி பத்தியாக வருவது அனாபொரா. ஒரே வாக்கிய அமைப்பைத் திரும்பக் கொணர்வது இணையமைப்பு. குற்றப்பத்திரிகையின் ஓசை இதனால் கிடைக்கிறது. பாராளுமன்றம் செய்தவற்றையும் மன்னர் தலையிலேயே ஏற்ற இந்த ‘அவர்’ வசதியாக இருந்தது. ஜெஃபர்சனின் வரைவில் அடிமை வணிகத்தையும் மன்னரின் குற்றமாகச் சாட்டிய பத்தி இருந்தது. பிரகடனத்தை ஏற்ற காங்கிரஸ் அவை அதை நீக்கியது. கடைசிக் குற்றச்சாட்டு, பழங்குடிகளை இரக்கமற்ற காட்டுமிராண்டிகள் என்று குறிக்கிறது. அதை எவரும் நீக்கவில்லை.

எஞ்சியவையும் எல்லையும்

மேரி ரோலண்ட்சனின் கதை, 1676-இல் போர்க்கைதியாகக் கழித்த 11 வாரங்களை 20 ‘இடப்பெயர்வு’களாகப் பிரித்துச் சொல்கிறது; சிறைப்பட்டோர் கதை என்ற வகையே இதிலிருந்து வளர்ந்தது. ஒவ்வொரு துயரத்துக்கும் ஒரு வசனம் தேடும் அவர், பசி மிகுந்தபோது முன்பு அருவருத்த உணவு சுவைத்ததை மறைக்காமல் எழுதுவதுதான் நூலின் உயிர். பிராங்க்ளினின் தன்வரலாறு, பியூரிட்டன் ஆன்மப் பரிசோதனையை 13 நற்பண்புகளின் கட்டம்போட்ட அட்டவணையாக மாற்றியது. இதுவும் அவர் வாழ்நாளில் வெளிவரவில்லை, 1791-இல் பாரிஸில் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாக முதலில் வந்தது.

புனைகதை தனக்கென வாசகரைப் பெற்றது 1819-இல் வாஷிங்டன் இர்விங்கின் ‘ரிப் வான் விங்கிள்’ வந்த பிறகு என்று பொதுவாகக் கொள்ளலாம். புரட்சியை முழுக்கத் தூங்கிக் கழித்த ரிப், 20 ஆண்டுக்குப் பின் ஊர்ச் சத்திரத்துக்குத் திரும்பும்போது, பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் படம் இருந்த பெயர்ப்பலகையில் அதே முகம், சிவப்புச் சட்டை மட்டும் நீலமாகி, செங்கோல் வாளாகி, கீழே ஜெனரல் வாஷிங்டன் என்று எழுதப்பட்டிருக்கிறது. ஆசிரியர் கருத்து ஒன்றும் சொல்லவில்லை, பலகை சொல்கிறது. பிரசங்கமும் துண்டறிக்கையும் நேரடியாகச் சொன்ன இடத்தில் முரண்நகையை நம்பி விட்டுவிடும் இந்த எழுத்தோடு முற்காலப் பகுதியை முடித்து, பாடத்திட்டங்கள் அடுத்த அலகில் ரொமான்டிக் காலத்துக்குச் செல்கின்றன.